அப்பாவின் போனுக்கு டவர் இல்லை: புதுப் போன் வாங்கும் முன் சில விஷயங்கள்

களக்காடு பக்கத்து மலையடிவார ஊரைச் சேர்ந்த ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகி பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறார். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்கு 71 வயது, இன்னும் ஏத்தன் வாழை போடுகிறார். அவர் கையில் இருப்பது பழைய கீபேட் போன். பல வருடங்களாக ஒரே எண். வங்கி, கேஸ், ரேஷன் கார்டு, பிஎம் கிசான் எல்லாம் அந்த எண்ணில்தான். ஆனால் சிம் அண்ணன் பெயரில் இருக்கிறது, அண்ணன் சவூதியில் தம்மாமில் வேலை செய்கிறார். ஒரு வருடத்துக்கு மொத்தமாக ரீசார்ஜ் செய்த மூன்றாம் மாதத்திலிருந்து டவர் வருவதும் போவதுமாக இருந்து, இப்போது வீட்டுக்குள் அறவே இல்லை. குளத்தங்கரைக்குப் போனால் ஒரு கோடு காட்டுகிறது. "உங்கள் பகுதி நெட்வொர்க் 4ஜிக்கு மாற்றப்படுகிறது, சிம்மையும் போனையும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. அதே கம்பெனி சிம் போட்ட அம்மாவின் டச் போனில் 4ஜி என்று காட்டுகிறது, வீடியோ ஓடுகிறது, ஆனால் போன் பேசினால் கட் ஆகிறது. போனில் அழைத்தால் மோட்டாரை ஓடவிடும் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை எட்டு மாதம் முன்பு பம்ப்செட்டுக்கு வாங்கினார்கள், அதுவும் இப்போது கால் எடுப்பதில்லை. அதனால் மோட்டார் போட அப்பா ராத்திரியில் டார்ச்சோடு தோட்டத்துக்கு நடக்கிறார். பன்றி நடமாட்டம் உள்ள பாதை.

"அரசாங்கமே பழைய நெட்வொர்க்க மூடச் சொல்லிட்டு, 5ஜி போன் வாங்குனாத்தான் சரியாவும்" என்கிறாராம் மொபைல் கடைக்காரர். ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தும் பதில் இல்லை. கம்பெனி இப்படிச் செய்யலாமா, போனுக்கும் ஸ்டார்ட்டருக்கும் அவர்களிடம் பணம் கேட்க முடியுமா, நுகர்வோர் கோர்ட்டில் போன் கம்பெனி வழக்கை எடுக்கமாட்டார்கள் என்பது உண்மையா, கம்பெனி மாறினால் நம்பர் போய்விடுமா என்று கேட்கிறார்.

சகோதரி, கேள்விகளுக்கு வரும் முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இது தள்ளிப்போகக் கூடாது.

முதலில் அந்த எண்ணை உயிரோடு வையுங்கள்

அப்பாவின் சிம் இப்போது பெரும்பாலான நேரம் சிக்னல் இல்லாத போனில் கிடக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, ஒரு ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால் துண்டிக்கக் கூடாது. ஆனால் வருட பேக் இருப்பது வேறு, கணக்கில் பணம் இருப்பது வேறு. பேக்தான் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். அதன்பின் அப்பாவின் வங்கி ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். இப்படி ஆன பிறகு என்னிடம் வருபவர்களுக்கு என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

ஆகவே இந்த வாரமே அந்தச் சிம்மை எடுத்து, சிக்னல் கிடைக்கும் ஏதாவது ஒரு போனில் போட்டு, ஒரு கால் பேசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்தால் போதும். மெசேஜ் வந்து விழுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வெளியே போகும் கால் ஒன்றாவது இருக்கட்டும்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். போனில் நம் கம்பெனி டவர் இல்லாமல், அவசர அழைப்பு மட்டும் என்று காட்டினாலும் 112 அழைக்கலாம். பக்கத்தில் வேறு கம்பெனியின் சிக்னல் இருந்து, அதை அந்தப் போன் பிடிக்குமானால், அதன் வழியாக அந்தக் கால் போகும். ராத்திரி தோட்டப் பாதையில் நடக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று கருவி, மூன்று கோளாறு

உங்கள் வீட்டில் எல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப்போனதால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைக்கிறீர்கள். கடைக்காரர் 5ஜி போனைக் காட்டுவதும் அதனால்தான். நிலைமை அப்படியில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கம்பெனிகளிடம் உள்ள அலைக்கற்றை அளவானது. ஒரே வாய்க்கால் தண்ணீர் மாதிரி, இந்த மடையை அடைத்தால்தான் அந்த மடைக்குப் பாயும். 3ஜியை மூடி, 2ஜிக்கு விட்டிருந்த பங்கைக் குறைத்து, அந்த அலைக்கற்றையை 4ஜிக்குத் திருப்புகிறார்கள். ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி நாடு முழுக்க 3ஜியை மூடியது. 2016இல் வந்த ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. பிஎஸ்என்எல், உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு அமைத்த 4ஜி சேவையை 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது. ஆனால் 2ஜியை இந்த நாளுக்குள் மூடு என்று இந்தியாவில் அரசு உத்தரவு எதுவும் இல்லை. 2ஜியை நிறுத்த அரசே கொள்கை வகுக்க வேண்டும் என்று கேட்டது ஜியோ. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் இன்னும் 2ஜியை நடத்துகின்றன. கடைக்காரர் சொன்னதில் இந்தப் பகுதி தவறு. உங்கள் ஊரில் நடந்தது அந்தக் கம்பெனி தன் வியாபாரத்துக்காக எடுத்த முடிவு. சட்டப்படி பார்க்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

இப்போது அப்பாவின் போன். அது 2ஜி மட்டும் பிடிக்கும் போனாக இருந்தால், இந்தக் கம்பெனி சிம்மோடு உங்கள் ஊரில் அதற்கு இனி வழியில்லை. அதற்காக 5ஜி போன் வேண்டியதில்லை. பித்தானை அழுத்திப் பழகிய 71 வயது விரலுக்கு டச் போனும் வேண்டியதில்லை. 4ஜியில் பேசக்கூடிய கீபேட் போன்களே கிடைக்கின்றன. வாங்கும்போது பெட்டியில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வி, ஓ, எல், டி, இ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். சேர்த்து வோல்ட்டி என்பார்கள். அது இருந்தால்தான் 4ஜி வழியாகவே குரல் போகும். இரண்டு, எந்தக் கம்பெனி சிம்மும் ஏற்குமா என்று கேளுங்கள். 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன் போன்றவை ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும். விலை குறைவு என்று அவசரப்பட்டு வாங்கி, வேறு சிம் போட்டுப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பிஎஸ்என்எல் சிம் போடுவதாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று: அவர்களுடைய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் வருகிறது. அதைப் பிடிக்காத பழைய 4ஜி போன்கள் பல இருக்கின்றன, அந்த அலைவரிசையின் பெயரான பேண்ட் 28 உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் போனில் கோளாறு வேறு. 4ஜி என்று காட்டுவதை வைத்து அந்தப் போனில் எல்லாம் சரி என்று முடிவு செய்துவிட்டீர்கள். பழைய 4ஜி போன்கள் பலவும் டேட்டாவுக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்தும். கால் என்று வந்தால் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் பேசும். இறங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லாதபோது கட் ஆகிறது. போன் செட்டிங்கில் வோல்ட்டி என்று ஒரு சுவிட்ச் இருந்து, அணைந்து கிடந்தால், அதைப் போட்டாலே சரியாகிவிடலாம். செலவில்லாத வைத்தியம் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் போன் படம் பார்க்கத்தான் ஆகும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது இதே வகைச் சிக்கல்தான் பெரிய கவலையாக இருந்தது. சாதாரண கால் 4ஜியில் போகும், ஆனால் அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜியைத் தேடும் போன்கள் அங்கே இருந்தன. அப்படிப்பட்ட போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று அந்த நாட்டில் விதி செய்தார்கள். நம் ஊரில் அப்படி எச்சரிக்கை செய்ய ஆள் இல்லை, நாம்தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை எளிது. அப்பாவின் சிம்மை உங்கள் போனில் போடுங்கள். வீட்டு முற்றத்தில் நின்று 4ஜி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சிம்மை மாற்ற வேண்டியதில்லை என்று அர்த்தம். பேசும்போதும் 4ஜி குறி மாறாமல் நின்றால் குரலும் சரி. அப்படியே தோட்டத்து மோட்டார் ரூம் வரை நடந்து அங்கேயும் பாருங்கள். 4ஜி என்றாலே தூரம் போகாது என்று எழுதியிருந்தீர்கள். தூரத்தைத் தீர்மானிப்பது 2ஜியா 4ஜியா என்பதல்ல, அலைவரிசை. 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், 2100உம் 2300உம் சீக்கிரம் தேயும். எந்தக் கம்பெனி எந்த அலைவரிசையில் உங்கள் பக்கம் விடுகிறது என்பதைப் பொறுத்து, வீட்டில் வருவது தோட்டத்தில் வராமலும் போகலாம். இதே சோதனையைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் மற்றக் கம்பெனி சிம்களிலும் செய்து பாருங்கள். எது வாங்குவது, எந்தக் கம்பெனிக்குப் போவது என்ற முடிவெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்டார்ட்டருக்குள் இருப்பதும் ஒரு சின்னப் போன்தான். பெட்டியில் ஜிஎஸ்எம் என்று மட்டும் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அது பெரும்பாலும் 2ஜி மட்டும். அதில் 4ஜி சிம் போட்டாலும் பயனில்லை. தற்காலிகத்துக்கு, மோட்டார் ரூமில் 2ஜி கிடைக்கும் வேறு கம்பெனி சிம் ஒன்றை அதில் போட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் அதே கம்பெனி சிம்மை அப்பாவின் கீபேட் போனில் போட்டு, மோட்டார் ரூமில் நின்று பேசிப் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் சிம்முக்கு டேட்டா தேவையில்லை. பேச்சுக்கும் மெசேஜுக்கும் மட்டுமான ரீசார்ஜை எல்லாக் கம்பெனிகளும் தரவேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன் கெடு 365 நாள் வரை இருக்கலாம். கடையில் அதைச் சொல்லாமல் டேட்டா பேக்கைத் தலையில் கட்டினால் கேட்டு வாங்குங்கள். அப்புறம், உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இருந்தால் மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், அப்பா ராத்திரி நடக்க வேண்டியிருக்காது.

பூஸ்டர் வேண்டாம்

அண்ணனின் யோசனையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆன்லைனில் கிடைப்பதால் சட்டப்படி சரி என்று ஆகாது. அனுமதி இல்லாமல் தனியார் ஒருவர் மொபைல் சிக்னல் பூஸ்டர் வைப்பது குற்றம். 1933ஆம் வருடத்து வயர்லெஸ் சட்டத்திலும் அப்படித்தான், 2023ஆம் வருடத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அப்படித்தான். பறிமுதலும் அபராதமும் ஒருபக்கம் இருக்க, அந்தக் கருவி தெருவில் உள்ள மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும். அதிலும், இல்லாத 2ஜியை அது எங்கிருந்து பெருக்கும்? வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வருமானால், வைஃபை வழியாகப் பேசும் வசதியுள்ள போனில் டவர் இல்லாமலே பேசலாம். அது முழுக்கச் சட்டப்படியானது.

கம்பெனியிடம் எதைக் கேட்கலாம்

பழைய நெட்வொர்க்கை நிறுத்தியதே தவறு, அதைத் திரும்பப் போடு என்று கேட்டால் கிடைக்காது. ஏலத்தில் வாங்கிய அலைக்கற்றையில் எந்தத் தொழில்நுட்பத்தை நடத்துவது என்பது கம்பெனியின் உரிமைக்குள் வருகிறது. புதுப் போன் வாங்கித் தா என்பதும் நிற்காது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் பொய் நம்பிக்கை கொடுத்து வழக்கு போட வைப்பது என் வேலை இல்லை.

நிற்கக்கூடியது வேறு. ஒரு வருடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் மாதத்திலிருந்தே அந்தப் போனில் சேவை சரியில்லை. பணம் வாங்கும்போதே இந்த மாற்றம் வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்தும் சொல்லாமல் விட்டார்களா என்பதுதான் வழக்கின் உயிர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் சேவைக் குறைபாடு என்பதற்கான விளக்கத்திலேயே, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் அந்த ஆங்கில மெசேஜின் தேதியைப் பாருங்கள். ரீசார்ஜுக்குப் பிறகு வந்தது என்றால் உங்கள் பக்கம் வலுவானது. முன்பே வந்திருந்தால் கம்பெனி அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும், உங்கள் கோரிக்கை பலவீனமாகிவிடும். எது ஆனாலும் அந்த மெசேஜை அழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள்.

கம்பெனியின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடத்தையும் படமெடுங்கள். 2ஜி, 4ஜி என்று தொழில்நுட்பம் வாரியாக அந்த வரைபடத்தை வெளியிட வேண்டும் என்பது 2024ஆம் வருடத்து டிராய் விதி. மலையடிவாரத்தில் வரைபடம் ஒன்று சொல்லும், நிலத்தில் வேறொன்று இருக்கும். உங்கள் வீடு பச்சையில் இருந்து, வீட்டில் சிக்னல் இல்லையென்றால் அது உங்களுக்குச் சாட்சி.

அடுத்து, புகாரைச் சரியான வாசலில் கொடுங்கள். கம்பெனியின் புகார் எண் 198, அது இலவசம். புகார் எண் ஒன்று தருவார்கள், அதை எழுதி வைக்காமல் போனை வைக்காதீர்கள். உரிய நாளுக்குள் தீராவிட்டாலோ, தீர்வு திருப்தி இல்லாவிட்டாலோ அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் போடுங்கள், அங்கே பதில் வரும். கலெக்டர் ஆபீஸ் மனு வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரத்தில் இருப்பதால், கலெக்டர் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது. ஊருக்கே டவர் பிரச்சினை என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்புவது தனி மனுவை விட எடை கூடியது.

நுகர்வோர் கோர்ட் விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. 2009இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை வைத்து, டெலிபோன் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரமுடியாது என்று பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. நுகர்வோர் போகலாம். 2019ஆம் வருடத்துச் சட்டத்தில் சேவை என்பதற்குள் தொலைத்தொடர்பு என்ற சொல்லே சேர்க்கப்பட்டுவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், கம்பெனி ஆபீஸ் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சிம் அண்ணன் பெயரில் இருப்பதால் அப்பாவுக்கு உரிமை இல்லையோ என்று பயப்படுகிறீர்கள். பணம் கொடுத்துச் சேவை பெற்றவரின் சம்மதத்தோடு அதை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. அண்ணனிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். எல்லாம் செய்தால் என்ன கிடைக்கும்? மீதி மாதங்களுக்கான பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு சிறு தொகை கிடைக்கலாம். பெரிய இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள். மேல்முறையீட்டு அதிகாரி மட்டத்திலேயே பணம் திரும்பினால், அதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இதில் எனக்கு உள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். புது நெட்வொர்க் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாற்றத்தின் செலவு முழுவதும், கீபேட் போன் வைத்திருக்கிற, ஆங்கில மெசேஜ் படிக்கத் தெரியாத, மலையடிவாரத்தில் குடியிருக்கிற பெரியவர்கள் தலையில் விழுகிறது. அந்த எண்ணுக்கு ஒரு ஆள் தமிழில் போன் செய்து, ஐயா, இன்ன தேதியிலிருந்து உங்கள் போன் வேலை செய்யாது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு எந்தப் போன் இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். 2018இல் ஏர்செல் நின்றபோது நம் பக்கம் எத்தனை பேர் நம்பரைக் காப்பாற்ற அலைந்தார்கள் என்பதைப் பார்த்தவன் நான். அதிலிருந்து யாராவது பாடம் கற்றிருப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

கம்பெனி மாறினால் எண் போகாது

போர்ட் செய்தால் எண் அப்படியே இருக்கும், ஆதாரிலோ வங்கியிலோ எதையும் மாற்ற வேண்டியதில்லை. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை அடித்து 1900க்கு அனுப்ப வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லாததால் குளத்தங்கரையில் நின்றுதான் அனுப்ப வேண்டியிருக்கும். திரும்ப வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். பழைய கணக்கில் மீதி இருக்கும் பணமும் பேக்கும் புதுக் கம்பெனிக்கு வராது. அதனால் வருட ரீசார்ஜ் பணம் பற்றிய புகாரை முதலில் பதிவு செய்துவிட்டு, அதன்பின் மாறுங்கள்.

சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. போர்ட் ஆனாலும், சிம் மாற்றுவது ஆனாலும், பதிவு செய்தவர் தன் அடையாள ஆவணத்தோடு நேரில் வருவதுதான் நடைமுறை. மேலே சொன்ன சோதனையில் பழைய சிம்மிலேயே 4ஜி வந்தால் அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டாம், 4ஜி கீபேட் போன் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் அவர் லீவில் வரும்போது, எண்ணை அப்பா பெயருக்கு மாற்றுவதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் வரிசை முக்கியம்: சிம்மை மாற்றினால் அதிலிருந்து ஏழு நாளுக்குப் போர்ட் செய்ய முடியாது. சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் மெசேஜும் வராது. அண்ணனின் லீவு குறைவாக இருந்தால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்கள் சிம்மை 4ஜிக்கு மாற்றித் தருகிறோம், வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் அப்பா எதையும் சொல்லக் கூடாது. நெட்வொர்க் மாறுகிறது என்ற செய்தி ஊரில் பரவும்போதெல்லாம் மோசடிக்காரர்களும் இதே பேச்சோடு வருகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் விற்ற கடை

நீங்கள் போன் கம்பெனி மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கோ இந்தக் கடைக்காரரிடம்தான் உங்களுக்கு நல்ல வழக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. எட்டு மாதம் முன்பு, 3ஜி பல இடங்களில் மூடப்பட்டுவிட்ட காலத்தில், 2ஜி மட்டும் பிடிக்கும் கருவியை "எந்தச் சிம்மும் போடலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார். அந்த வார்த்தை பெட்டியிலோ, விளம்பர நோட்டீஸிலோ, வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் இருந்தால் அது நியாயமற்ற வணிகமுறை. வாய்ப்பேச்சு மட்டும் என்றால், கூட இருந்தவர் யார் என்று யோசித்து வையுங்கள். பில் தொலைந்திருந்தால் ஜிபேயில் பணம் கட்டிய பதிவை எடுங்கள். வாரண்டி அட்டை இருந்தால் தேதி முடியும் முன் கடைக்கு எழுத்தில் கொடுங்கள்.

தோட்டத்துக்கு வாங்கியது வியாபார நோக்கம், அதனால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் சொல்லலாம். தன் பிழைப்புக்காகத் தானே பாடுபடுகிறவர் வாங்கும் பொருளை வியாபார நோக்கம் என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு ஏக்கர் வாழையைத் தானே பார்க்கும் விவசாயி அதற்குள் வருவார்.

நேராக வழக்குக்குப் போக வேண்டாம். தமிழிலேயே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அப்போது சொன்ன வார்த்தை, எந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை என்று வரிசையாகச் சொல்லி, 4ஜி உள்ள ஸ்டார்ட்டராக மாற்றித் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஒரு நகல் கடைக்கு, ஒரு நகல் தயாரித்த கம்பெனிக்கு, இரண்டும் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம், பல தயாரிப்பாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகிறார்கள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். மாடல் எண் தெரியும்படி படம் எடுத்து, கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பி வைத்தால், தபாலில் சேர்க்கும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.